ஆஸ்பத்திரியில் தவறு நடந்துவிட்டது: கன்ஸ்யூமர் கோர்ட்டா, மெடிக்கல் கவுன்சிலா, போலீஸா?

"ஆஸ்பத்திரி மேல கேஸ் போடணும், எங்க போடுறது?" என்று கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஓர் இடத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒருவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு எஃப்ஐஆர் வருமா என்று காத்திருக்கிறார். இன்னொருவர் மெடிக்கல் கவுன்சிலுக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டு, நஷ்டஈடு அங்கிருந்துதான் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடு பேசிப் பேசியே ஒன்றரை வருடத்தைக் கழித்துவிட்டார். மூவருக்கும் நடந்தது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்த வழியைப் பொறுத்து கிடைப்பதும் இழப்பதும் முற்றிலும் மாறிவிடுகின்றன.

சென்னையில் இருப்பவர்களையும், சென்னைக்கு வந்து வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களையும் மனதில் வைத்து, இருக்கும் ஐந்து வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். இப்படி வழக்குப் போட்டால் எல்லோருக்கும் வைத்தியச் செலவு ஏறிவிடும் என்று மருத்துவர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. பல குடும்பங்கள் அந்த உறுத்தலோடுதான் தயங்குகின்றன. அதையும் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. பணம் வேண்டுமா, அந்த மருத்துவர் இனி வைத்தியம் பார்க்கக் கூடாது என்பதா, அல்லது உள்ளே என்னதான் நடந்தது என்ற உண்மை தெரிந்தால் போதுமா? இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது.

இரண்டாவது, காசு கட்டிப் பார்த்த வைத்தியமா, இலவசமா. சட்டம் இந்த இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

மூன்றாவது, எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும். நான்காவது, கட்டணத்துக்கு அப்பால் கையிலிருந்து என்னவெல்லாம் போகும். ஐந்தாவது காலக்கெடு. வழக்கின் பலத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் கடைசியாகச் சொன்ன இதைக் கவனிப்பதில்லை, பல நியாயமான புகார்கள் கரைவதும் இதில்தான்.

எந்த வழியாக இருந்தாலும் ஓர் அடிப்படை மாறாது. சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகிவிடாது. அதே தகுதியுள்ள ஒரு சராசரி மருத்துவர் அந்தச் சூழ்நிலையில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யத் தவறினாரா என்பதுதான் அளவுகோல். 1957-ல் இங்கிலாந்தில் போலம் வழக்கில் வகுக்கப்பட்ட இந்த அளவுகோலையே நம் உச்ச நீதிமன்றமும் பின்பற்றுகிறது. அதே மாதிரி, பில் அதிகம் என்ற கோபமும் கவனக்குறைவுப் புகாரும் வேறு வேறு. இரண்டையும் ஒரே மனுவில் குழைத்தால் இரண்டுமே நீர்த்துப்போகும்.

## எந்த வழியானாலும் முதலில் கேஸ் ஷீட்

டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. அது ஆஸ்பத்திரி தன் பார்வையில் எழுதிக் கொடுக்கும் சுருக்கம்தான். வேண்டியது முழு கேஸ் ஷீட்: நர்ஸ்கள் மணிக்கு மணி எழுதிய குறிப்புகள், மருந்து அட்டவணை, மயக்க மருந்துக் குறிப்பு, அறுவை சிகிச்சைக் குறிப்பு, கையெழுத்து வாங்கிய கன்சென்ட் ஃபார்ம், ஸ்கேன் படங்கள்.

2002-ம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், கூடவே ஒரு மின்னஞ்சல். கொடுக்க மறுப்பதே பின்னால் உங்களுக்குச் சாதகமான சாட்சியாக நிற்கும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம்.

உயிரிழப்பில் சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டம் பற்றி அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். நம் வீடுகளில் உடலைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரமும், "இனிமேல் உடம்பை அறுத்து என்ன ஆகப்போகுது" என்ற மனநிலையும் இயல்பானவை. தகனம் முடிந்த பிறகு மரணக் காரணத்தை நிரூபிக்க ஆவணங்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. இதைச் சொல்வதற்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

## வழி 1: ஆஸ்பத்திரியோடு பேசித் தீர்ப்பது

கிடைப்பது: மீதி பில் தள்ளுபடி, இலவச மறு அறுவை சிகிச்சை, ஒரு தொகை, சில சமயம் நேர்மையான விளக்கம்.

மறைசெலவு: நேரம், அப்புறம் ஒரு கையெழுத்து.

சென்னையின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் குறைதீர்ப்புப் பிரிவு இருக்கும். நர்சிங் ஹோம் என்றால் நேராக உரிமையாளரான மருத்துவரிடமே பேச வேண்டியிருக்கும். பாதிப்பு சிறியது, சரிசெய்துவிடக் கூடியது, அதே இடத்தில் சிகிச்சை தொடர வேண்டிய நிலை என்றால் இதுவே நல்ல வழி. வாரங்களில் முடியக்கூடியது இது ஒன்றுதான்.

ஆனால் பணமோ தள்ளுபடியோ கொடுக்கும்போது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். அதைப் படிக்காமல் போட்டுவிட்டால் மற்ற வழிகள் பலவும் அடைபடும். எதிர்காலச் சிகிச்சைச் செலவு எவ்வளவு வரும் என்று வேறொரு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் தொகைக்கும் சம்மதிக்காதீர்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக நீதிமன்றக் காலக்கெடு நின்று காத்திருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

## வழி 2: கன்ஸ்யூமர் கோர்ட்

கிடைப்பது: நஷ்டஈடு, வழக்குச் செலவு.

கட்டணம்: பெரும்பாலும் பூஜ்யம் அல்லது சில நூறு ரூபாய்.

காலக்கெடு: 2 ஆண்டுகள்.

காசு கட்டி வைத்தியம் பார்த்த பெரும்பான்மையோருக்கு என் பரிந்துரை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 2019-ல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதில் மருத்துவம் என்ற சொல் தனியாகக் குறிப்பிடப்படவில்லை, எனவே மருத்துவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்த வாதத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2021-ல் நிராகரித்தது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

எந்த ஆணையத்தில் (கன்ஸ்யூமர் கோர்ட்டின் சட்டப் பெயர் இதுதான்) போடுவது என்பதை இப்போது நீங்கள் கேட்கும் நஷ்டஈடு தீர்மானிப்பதில்லை, நீங்கள் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேலே தேசிய ஆணையம். ஆஸ்பத்திரி பில் 8 லட்சம், நஷ்டஈடாகக் கேட்பது 1 கோடி என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கட்டணம் 200 ரூபாய். கட்டிய பில் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. இதே 1 கோடிக்குச் சிவில் கோர்ட்டில் என்ன ஆகும் என்பதைக் கீழே பாருங்கள்.

சென்னையில் வடக்கு, தெற்கு என்று மாவட்ட ஆணையங்கள் இருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு 2019 சட்டம் ஒரு பெரிய வசதி செய்து கொடுத்தது: நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். விழுப்புரத்திலிருந்து வந்து சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டவர் விழுப்புரத்திலேயே போடலாம், ஆஸ்பத்திரியின் வக்கீல்தான் அங்கே வர வேண்டும். ஆன்லைனிலும் மனுத் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் மருத்துவ வழக்குகளில் வக்கீல் இல்லாமல் சமாளிப்பது கடினம் என்பதே என் எண்ணம். எதிரே நிற்பது ஆஸ்பத்திரி மட்டுமல்ல, அதற்குக் காப்பீடு கொடுத்த நிறுவனத்தின் வக்கீலும்தான்.

நிரூபிக்கும் சுமையும் இங்கே ஒப்பீட்டளவில் இலகுவானது. எல்லா வழக்குகளிலும் நிபுணர் கருத்து தேவையில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்தது, வலது காலுக்குப் பதில் இடது காலில் அறுத்தது போன்றவற்றுக்கு நிபுணர் வந்து சொல்ல வேண்டியதில்லை. மருந்தின் அளவு சரியா, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டது நியாயமா போன்ற கேள்விகளுக்குக் கட்டாயம் வேண்டும். உண்மையான செலவு இங்கேதான். இதே ஊரில் தொழில் செய்யும் மருத்துவர் ஒருவர் இன்னொரு மருத்துவருக்கு எதிராக எழுதிக் கொடுக்க எளிதில் முன்வர மாட்டார். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், வெளி மாநில மருத்துவர்கள் என்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது காலம். நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பு வேறு. எழும்பூர் அரசுத் தாய்-சேய் ஆஸ்பத்திரியில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்குச் செய்திருக்க வேண்டிய விழித்திரைப் பரிசோதனை செய்யப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய ஆணையம் 2009-ல் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியபோது அந்தக் குழந்தைக்கு வயது 18. தொகையைப் பார்த்து மலைக்கும் முன் இந்த இடைவெளியைப் பாருங்கள். மாவட்ட ஆணையத்தில் ஜெயித்தாலும் எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகும். ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்பது ஓர் ஆறுதல்.

சமரசத்துக்கு அனுப்பினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்கலாம். புதிய சட்டத்தில் சமரச மையம் உண்டுதான். ஆனால் கவனக்குறைவால் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த வழக்குகளை அங்கே அனுப்பக் கூடாது என்று 2020-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதாவது அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர்களுக்கே அந்தக் குறுக்குவழி இல்லை.

2 ஆண்டு எப்போது தொடங்கும் என்பதில் ஒரு சலுகை உண்டு. உள்ளே வைத்துத் தைத்த துணி பல ஆண்டுகள் கழித்து ஸ்கேனில் தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து கணக்கிடலாம். வெளிப்படையான பாதிப்புக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

## வழி 3: மெடிக்கல் கவுன்சில்

கிடைப்பது: எச்சரிக்கை, தற்காலிக நீக்கம், மிக அரிதாகப் பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம். ஒரு ரூபாய் கூட நஷ்டஈடு கிடையாது.

மறைசெலவு: கவுன்சில் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்து கன்ஸ்யூமர் கோர்ட்டின் 2 ஆண்டைத் தவறவிடுவது.

தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் அரும்பாக்கத்தில் இருக்கிறது. புகாரை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. விசாரிப்பவர்கள் மருத்துவர்கள். இது பலமும் பலவீனமும். நுட்பமான விஷயத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் சக மருத்துவரைப் பார்த்து அவர்கள் எவ்வளவு கடுமையாக இருப்பார்கள் என்ற சந்தேகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு எப்போதும் உண்டு. கவுன்சில் உங்கள் புகாரைத் தள்ளிவிட்டால் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டம் மருத்துவருக்குத்தான் வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறது, நோயாளிக்கு இல்லை.

அப்படியென்றால் எதற்கு இந்த வழி? கவுன்சில் விசாரணையில் மருத்துவர் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கொடுத்தாக வேண்டும். அந்த விளக்கமும் கவுன்சிலின் முடிவும் உங்கள் நுகர்வோர் வழக்கில் ஆவணமாக உதவக்கூடும். தகுதியில்லாத ஒருவர் அறுவை சிகிச்சை செய்தது, ஆவணத்தைத் திருத்தியது, சம்மதமே வாங்காமல் ஓர் உறுப்பை நீக்கியது போன்ற ஒழுங்கு மீறல்களுக்கு இது சரியான இடம். தனியாகப் போட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம், நுகர்வோர் வழக்கோடு சேர்த்துப் போடுவது நல்லது.

புகார் மருத்துவர் மேல் இல்லை, ஆஸ்பத்திரியின் வசதிக் குறைவு மேல் என்றால் (உரிமம், ஆக்சிஜன், சுகாதாரம்) கவுன்சில் உதவாது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ், தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் மருத்துவ, ஊரக நலப்பணிகள் இயக்ககத்துக்கு எழுத வேண்டும்.

## வழி 4: போலீஸ்

கிடைப்பது: குற்றம் உறுதியானால் பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 106-ம் பிரிவில் மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை, அபராதம். இந்தப் பிரிவு உயிரிழப்புக்கு மட்டும்தான்.

மறைசெலவு: தோற்கும் வாய்ப்பு, அதோடு வரும் மனச்சோர்வு.

கோபம் முதலில் இழுத்துச் செல்லும் இடம் ஸ்டேஷன்தான். ஆனால் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுப்பைக் கட்டிவிட்டது. சாதாரணக் கவனக்குறைவு குற்றமாகாது, மிகக் கடுமையான அலட்சியமாக இருக்க வேண்டும். வேறொரு தகுதிவாய்ந்த மருத்துவரின் கருத்து இல்லாமல் தனிநபர் புகாரை ஏற்கக் கூடாது. விசாரிக்கும் அதிகாரி, முடிந்தவரை அரசு மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற்ற பிறகே நடவடிக்கை எடுக்க வேண்டும். வழக்கமான குற்றவாளியைப் போல மருத்துவரைக் கைது செய்யக் கூடாது.

கொல்கத்தா அனுராதா சாஹா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அவர் 1998-ல் இறந்தார். அதே மரணம், அதே மருத்துவர்கள், அதே ஆவணங்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் கிரிமினல் வழக்கில் மருத்துவர்களின் விடுதலையை உறுதிசெய்தது, அதே தீர்ப்பில் நஷ்டஈட்டுக்கு அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. 2013-ல் அந்தத் தொகை வட்டி நீங்கலாக சுமார் 5.96 கோடி என்று முடிவானது. போலீஸ் வழியை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

போலீஸ் புகாருக்கு ஒரு முக்கியப் பயன் உண்டு: போஸ்ட்மார்ட்டம். சந்தேக மரணம் என்று புகார் பதிவானால்தான் சட்டப்படியான பிரேதப் பரிசோதனை நடக்கும். அந்த அறிக்கை பிறகு எல்லா இடத்திலும் உதவும். இதற்காகவே அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போவது சரி. போதையில் அறுவை சிகிச்சை, போலி மருத்துவர், உறுப்புத் திருட்டு போன்றவற்றுக்கும் போலீஸ்தான்.

உறவினர்களைத் திரட்டிக்கொண்டு வார்டில் சத்தம் போடுவதும் கண்ணாடியை உடைப்பதும் வழியே இல்லை. 2008-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அது ஜாமீனில் வர முடியாத குற்றம். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு இந்த விஷயத்தில் யாரிடமும் பொறுமை இல்லை. பாதிக்கப்பட்டவர் ஒரே இரவில் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவார்.

## வழி 5: சிவில் கோர்ட், ஹைகோர்ட்

கிடைப்பது: நஷ்டஈடு.

கட்டணம்: சிவில் வழக்கில் கேட்கும் தொகையில் 3 சதவீதம்.

தமிழ்நாட்டில் 2017-ல் நீதிமன்றக் கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தது. அப்படியும் 1 கோடி கேட்டால் 3 லட்சம் கட்ட வேண்டும். கன்ஸ்யூமர் கோர்ட்டில் 200 ரூபாயில் முடிகிற விஷயம் இது. எனவே காசு கட்டிய நோயாளி சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியம் அபூர்வம். சாட்சிகளை விரிவாகக் குறுக்கு விசாரணை செய்தால்தான் உண்மை வரும் என்ற அளவுக்குச் சிக்கலான வழக்குகளுக்கு மட்டும் யோசிக்கலாம்.

இலவச சிகிச்சை பெற்றவர்களுக்கு நிலைமை வேறு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சாந்தா தீர்ப்பே சொல்கிறது. ஆனால் உடனே மனம் தளர வேண்டாம், மூன்று விலக்குகளைச் சரிபாருங்கள். சிலரிடம் கட்டணம் வாங்கி மற்றவர்களுக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியில், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். எனவே அந்த ஜி.ஹெச்.சில் கட்டண வார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கே.கே.நகர் மாதிரியான இஎஸ்ஐ ஆஸ்பத்திரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சம்பளத்தில் பிடித்த பணம்தான் கட்டணம். தனியார் ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தால் அதுவும் கட்டணச் சேவைதான்.

இந்த மூன்றிலும் அடங்காவிட்டால் ஹைகோர்ட்டில் ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவிடும்படி நேரடியாக ஹைகோர்ட்டைக் கேட்கும் மனு. தவறு ஆவணங்களில் பளிச்சென்று தெரிந்தால் ரிட் வேகமான வழி. சாத்தூரில் 2018-ல் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட விஷயத்தில் மதுரைக் கிளை தலையிட்டது நினைவிருக்கலாம். ஆனால் எது உண்மை என்பதிலேயே தகராறு இருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். அரசு மேல் சிவில் வழக்கு என்றால் அதற்கு 2 மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் கிடைக்குமா | கட்டணம் | காலக்கெடு | எங்கே சறுக்கும் |
|---|---|---|---|---|
| பேசித் தீர்ப்பது | கொஞ்சம் | இல்லை | இல்லை, ஆனால் மற்ற காலக்கெடுக்கள் ஓடும் | படிக்காமல் போடும் கையெழுத்து |
| கன்ஸ்யூமர் கோர்ட் | கிடைக்கும் | கட்டிய பில்லைப் பொறுத்து, மிகக் குறைவு | 2 ஆண்டு | நிபுணர் கருத்து, மேல்முறையீடுகள் |
| மெடிக்கல் கவுன்சில் | இல்லை | அலைச்சல்தான் | ஆவணம் இருக்கும் 3 ஆண்டுக்குள் போவது நல்லது | காத்திருந்து 2 ஆண்டைத் தவறவிடுவது |
| போலீஸ் | இல்லை | இல்லை | 3 ஆண்டு, போஸ்ட்மார்ட்டத்துக்கு அதே நாள் | மிகக் கடுமையான அலட்சியம் என்ற அளவுகோல் |
| சிவில் கோர்ட் | கிடைக்கும் | 3 சதவீதம் | வழக்கமாக 3 ஆண்டு, இறப்புக்கு 2 | கட்டணம், நீளும் வாய்தாக்கள் |

## வழக்குப் போட்டால் வைத்தியச் செலவு ஏறுமா

மருத்துவர்கள் சொல்வது இது: நஷ்டஈடு கோடிகளில் போனால் காப்பீட்டுப் பிரீமியம் ஏறும், அது பில்லில் வரும். வழக்குக்குப் பயந்து தேவையில்லாத சிடி, எம்ஆர்ஐ எழுத வேண்டியிருக்கும். சிறிய நர்சிங் ஹோம்கள் சிக்கலான பிரசவத்தைத் தொடவே பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். கடைசியாகச் சொன்னதில் உண்மை இருக்கிறது என்று நினைக்கிறேன். புறநகரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதன் செலவு நேரடியானது.

மற்ற இரண்டையும் அமெரிக்கா பரிசோதித்துப் பார்த்துவிட்டது. வலி, வேதனைக்கான நஷ்டஈட்டுக்குக் கலிபோர்னியா 1975-லேயே 2,50,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. சுமார் 47 ஆண்டுகள் அது அப்படியே நின்றது, 2023-லிருந்துதான் உயர்த்தத் தொடங்கினார்கள். டெக்சாஸ் 2003-ல் அதே பாதையில் போனது. மருத்துவர்கள் கட்டும் பிரீமியம் குறைந்தது, நோயாளியின் பில் அந்த அளவுக்குக் குறையவில்லை. நாடு முழுக்க இப்படிச் சீர்திருத்தம் செய்தால் மொத்த மருத்துவச் செலவு எவ்வளவு குறையும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2009-ல் கணக்கிட்டது. விடை: சுமார் 0.5 சதவீதம். 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வு, கவனக்குறைவு வழக்குகளின் மொத்தச் சுமையை, பயத்தில் எழுதும் பரிசோதனைகளையும் சேர்த்து, ஆண்டுக்கு 55.6 பில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது. பெரிய தொகைதான், ஆனால் அவர்களுடைய மருத்துவச் செலவில் அது 2.4 சதவீதம். அதிலும் பெரும்பகுதி பயத்தில் எழுதும் பரிசோதனைகள், பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த நஷ்டஈடு அல்ல.

வழக்குகள் மலிந்த நாட்டிலேயே இந்த அளவுதான். இங்கே வழக்குப் போடுபவர்கள் அதைவிடக் குறைவு, ஜெயிக்கும் வரை தாக்குப்பிடிப்பவர்கள் இன்னும் குறைவு. "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்று சொல்லும்போது அதில் எவ்வளவு பயம், எவ்வளவு வருமானம் என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. ஸ்கேன் மெஷின் அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும்போது பயத்தை மட்டும் காரணம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

உச்சவரம்பைவிட எனக்கு நியாயமாகப் படுவது நியூசிலாந்தின் வழி. 1974 முதல் அங்கே சிகிச்சையில் காயம்பட்டவருக்கு, யார் தவறு என்று நிரூபிக்காமலே அரசு அமைப்பு பணம் கொடுக்கிறது. அதற்குப் பதிலாக மருத்துவர் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமை இல்லை. தொகை சிறியதுதான், ஆனால் 18 ஆண்டு ஆகாது. நமக்கும் இந்த யோசனை புதிதல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 164-ம் பிரிவில், சாலை விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல் 5 லட்சம் கிடைக்கும். அண்ணா சாலையில் பஸ் மோதினால் உள்ள பாதுகாப்பு ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. அப்படி ஒரு சட்டம் வரும்வரை, செலவு ஏறும் என்ற உறுத்தலால் நியாயமான வழக்கைக் கைவிட வேண்டியதில்லை.

## எந்தச் சூழலில் எது

தனியார் ஆஸ்பத்திரி, நிரந்தர பாதிப்பு அல்லது உயிரிழப்பு, ஆவணம் கையில் இருக்கிறது: கன்ஸ்யூமர் கோர்ட், கூடவே மெடிக்கல் கவுன்சில். இரண்டையும் ஒரே மாதத்தில் போடுங்கள்.

சரிசெய்யக்கூடிய பாதிப்பு, அதே மருத்துவரிடம் தொடர வேண்டிய நிலை: பேசித் தீர்ப்பது. ஆறு மாதத்தில் முடியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ்.

மரணம் இப்போதுதான் நடந்தது, சந்தேகம் வலுவாக இருக்கிறது: போஸ்ட்மார்ட்டத்துக்காக இன்றைக்கே போலீஸ். நஷ்டஈட்டு வழக்கைப் பற்றி பதினாறாம் நாள் கழித்து யோசிக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரி, முழு இலவசம்: தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணம், மேலே சொன்ன மூன்று விலக்குகளைச் சரிபார்ப்பது, பிறகு ரிட் அல்லது சிவில் வழக்கு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தர வேண்டும். அதன் அலுவலகம் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது.

பில் மட்டும்தான் பிரச்சினை, சிகிச்சையில் குறை இல்லை: மருத்துவரை இழுக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள்.

2 ஆண்டு முடிய இன்னும் சில வாரங்களே இருக்கின்றன: நிபுணர் கருத்துக்காகக் காத்திருக்காமல் இருக்கும் ஆவணங்களோடு கன்ஸ்யூமர் கோர்ட்டில் தாக்கல் செய்துவிடுங்கள். நிபுணர் கருத்தைப் பிறகு சேர்க்க அனுமதி கேட்கலாம். கெடு தாண்டிவிட்டால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மனுப் போட வழி உண்டு, ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது ஆணையத்தின் கையில்.